நரிவெங்காயத் தாளில் என் பெயர்

போன வாரம் ஐரோலிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ரேவதி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். மும்பை மாட்டுங்காவில் நான் முன்பு வேலை பார்த்த கல்லூரி ஹெர்பேரியத்தில், காய்ந்த செடிகள் ஒட்டிய தாள்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிற மூன்று பெண்களில் அவள் ஒருத்தி. படத்தில் பழுப்பேறிய ஒரு தாள். அதில் நாலைந்து நீள இலைகள், நெடுக வெட்டிய வெங்காயம் போன்ற ஒரு கிழங்கு. வலது கீழ்மூலையில் நீலமாய் ஒரு கறை. கறைக்கு மேலே என் கையெழுத்தில் ஒரு சீட்டு.

படத்தின் கீழே ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்திருந்தாள். "அக்கா, இது நீங்கதானா? ஒங்க பேரு அதுல நல்லாவே இல்ல. அந்த மூலைய கிராப் பண்ணிரட்டா? யாருக்கும் தெரியாது."

அவளுக்கு உடனே பதில் போடவில்லை. கல்லூரித் தாவரவியல் துறை மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அந்த மூன்று பேரும் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். இரண்டுக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அந்த மலருக்கான அழைப்பில் என்னை 'ஓய்வு பெற்ற ஹெர்பேரியம் உதவியாளர்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு வயது முப்பத்தைந்து. தாள்கள் எல்லாம் படம் பிடிக்கப்பட்டு வெளியூரிலுள்ள ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போகப் போகின்றன. ஆகவே என் வேலையிடம் முடிந்தது, நான் முடியவில்லை. இப்போது ஐரோலியில் ஒரு மூலிகைக் கம்பெனியில், வருகிற வேரும் கிழங்கும் சொன்ன செடியுடையதுதானா என்று பார்த்துச் சொல்கிறேன். அழைப்பை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "ஓய்வா? அப்போ ஊனிக்கிட்டு நடக்க ஒரு கம்பு வாங்கியாரட்டா ஒனக்கு?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாராவியில் அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் இருந்தார். அம்மா மாட்டுங்காவில் கோவில் வாசலில் பூ விற்கிறாள். பிஎஸ்சி தாவரவியல் முடித்த கையோடு ஹெர்பேரியத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. செடியை அழுத்திக் காயவைப்பது, மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் தாளில் ஒட்டுவது, வெங்காயக் கிழங்குகளை வெந்நீரில் முக்கி உயிரைப் போக்குவது எல்லாம் ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது. வெந்நீரில் முக்காவிட்டால் அவை காகித மடிப்புக்குள்ளேயே முளைத்துவிடும். அப்படி ஒன்று முளைத்து, வெளிறிய இலையை நீட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்த நாளில்தான் இந்த வேலையை விடக்கூடாது என்று தீர்மானித்தேன்.

என் மேலதிகாரி வெங்கிடேஸ்வரன் சார். பாலக்காட்டுக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் மாட்டுங்கா. காலையில் வந்ததும் மேசையை உலர்ந்த துணியால் துடைப்பார். ஒரு தாளை இரண்டு கையாலும் ஏந்தி வைப்பார். தாளைப் புத்தகப் பக்கம் மாதிரிப் புரட்டினால் விதையும் பூவும் உதிர்ந்துவிடும் என்பதால், எங்கள் அறையில் யாரும் எதையும் கவிழ்க்கக் கூடாது. பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா பார்ப்பார். அதற்குப் பிறகு ஒரே கேள்வி.

"இது யாராக்கும்?"

'என்ன' என்று கேட்க மாட்டார். நான் ஒரு பெயர் சொல்வேன். "அப்படியா?" என்பார். சரியாகச் சொன்னாலும் அப்படியா, தப்பாகச் சொன்னாலும் அப்படியா. அந்த முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்த பிறகு, வேறு வழியில்லாமல் செடியைப் பார்க்கப் பழகினேன்.

நான் சேர்ந்த நாலாவது வருடம் லில்லி அலமாரியைப் பிரிக்கும் வேலை வந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் தாவரவியல்காரர்கள் ஆறு இதழ் உள்ள பூவும், கிழங்கோ வெங்காயமோ உள்ள அடியும் இருந்தால் அந்தச் செடியைப் பெரும்பாலும் லில்லிக் குடும்பத்தில் போட்டுவிடுவார்கள். வீட்டில் இடம் தெரியாத சாமானையெல்லாம் பரணில் போடுவது மாதிரி. பிறகு செடிகளின் மரபணுவைப் படிக்க வழி வந்தது. பார்த்தால், பரணில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒருவரோடு ஒருவர் உறவே இல்லை. குடும்பம் பல துண்டாக உடைந்தது. அதில் பெரிய துண்டுகளில் ஒன்று அஸ்பாரகஸ் குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் யார் யார் சேர்ந்தார்கள் என்று பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு. நாட்டுமருந்துக் கடையில் வேராக விற்கிற சபேத் மூஸ்லி. பால்கனித் தொட்டிகளில் கத்தி மாதிரி நிற்கும் மருள். தண்டவாள ஓரத்து ஆனைக்கற்றாழை. நரிவெங்காயம். இவர்களில் பெரும்பாலோருக்குப் பொதுவான ஒன்று விதையில் இருக்கிறது. தோல் கரி பூசியது மாதிரிக் கறுப்பு. அதே சமயம், ஆனைக்கற்றாழையின் தங்கச்சி மாதிரி இருக்கும் சோற்றுக்கற்றாழை வேறு வீடு. சமையலறை வெங்காயமும் பூண்டும் வேறு வீடு. செங்காந்தள் இன்னொரு வீடு. பார்வைக்கு ஒன்று போல இருப்பதற்கும் உறவாக இருப்பதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

எல்லாவற்றையும்விட வியப்பு சம்பங்கி. அம்மா தினமும் கூடையில் வைத்திருக்கிற, மராட்டிக்காரர்கள் நிஷிகந்த் என்று கேட்டு வாங்குகிற அதே பூ. அதை இப்போது ஆனைக்கற்றாழையின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அன்று மாலை கோவில் வாசலுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"எம்மா, ஒன் சம்பங்கியும் ரயில் ரோட்டுக் கத்தாழையும் ஒரே வகையாம்."

அம்மா நிமிரவே இல்லை. "அப்போ நாளையிலேருந்து கத்தாழையைக் கட்டி அம்மனுக்குப் போடுதேன். நீயே வந்து முள்ளெடுத்துக் குடு."

"நெசமாத்தாம்மா. ரெண்டுக்கும் வித்து கறுப்பு."

"ஒங்க அத்தைக்கும் எனக்குந்தான் முடி கறுப்பு. அவ எனக்கு ஒறவா?"

"அத்தை ஒறவுதானம்மா."

"எழுத்துல ஒறவு," என்றாள் அம்மா. பக்கத்துக் கடைக்காரி சிரித்ததில் அவள் கையிலிருந்த நார் அறுந்துவிட்டது.

வேலைக்கு வருகிறேன். பழைய தாள் ஒவ்வொன்றிலும் கீழ்மூலையில் ஒரு லேபிள் இருக்கும். குடும்பம், பெயர், எங்கே பறித்தது, எப்போது, யார். புதுப் பெயரும் புதுக் குடும்பமும் போட்ட சின்னச் சீட்டுகள் அச்சாகி வந்தன. ஒட்டுவது என் வேலை. அந்த வாரம் சார் ஏதோ கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். போகும்போது, "சீட்டெல்லாம் ஒட்டி வெச்சுடுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

நான் ஒட்டினேன். பழைய லேபிளின் மேலேயே, அதன் நாலு ஓரத்தோடும் சரியாகப் பொருந்தும்படி, நேர்த்தியாக ஒட்டினேன்.

ஏன் என்று கேட்டால், எனக்குத் திருத்தம் என்றால் என்னவென்று தெரிந்தது ரேஷன் கார்டிலிருந்துதான். எங்கள் கார்டில் அம்மாவுக்கு என்னைவிட நாலு வயது குறைவாகப் போட்டிருந்தார்கள். அதை நான்தான் படிவம் எழுதி, வரிசையில் நின்று மாற்றினேன். அதிலிருந்து எங்கள் சந்தில் யாருக்குப் பெயர் மாற, விலாசம் மாற, வயது மாற வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். சரியான கார்டு வந்ததும் தப்பான கார்டை வாங்கிக்கொண்டு குறுக்கே சிவப்புக் கோடு போடுவார்கள். இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் நம்மைத்தான் சந்தேகப்படுவார்கள். தப்பு கண்ணில் படக்கூடாது; அதுதான் நான் அறிந்த திருத்தம். பழைய லேபிளின் தலையில் 'லில்லி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை எப்படி விட்டுவைப்பது?

ஏழு தாள் ஒட்டி முடித்தபோது ஷ்ரத்தா வந்தாள். அவள் ஆராய்ச்சி மாணவி. மும்பையின் மலைச்சரிவுகளில் முன்பு எந்தெந்தக் காட்டு வெங்காயங்கள் இருந்தன, இப்போது எவை இருக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. செடிகளின் பழைய இடத்தை அறிய அவளுக்கு இருந்த ஒரே வழி இந்த லேபிள்கள். முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இசக்கி, லேபிள் கஹான் ஹை?" என்றாள்.

லேபிள் எங்கே என்கிறாள். சீட்டைத் தொட்டுக் காட்ட விரலைக் கொண்டுபோன அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பறித்த இடமெல்லாம் என் சீட்டுக்கு அடியில் இருந்தது. அந்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம். எங்கள் சந்தில் யார் வீட்டுக் காகிதத்தையும் ஒரு தப்பில்லாமல் எழுதித் தருகிறவள் என்று பெயர் வாங்கியவள் நான்.

மறுநாள் சார் வந்ததும் ஏழு தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அன்றைய பத்து நிமிடம் போல நீளமான பத்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

"ஏன் இப்படிப் பண்ணினேள்?"

ரேஷன் கார்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி, "அந்தப் பழைய கார்டை அவா என்ன பண்ணுவா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"இங்கே ஒண்ணையும் தூரப் போட மாட்டோம், கேட்டேளா. ஒருத்தர் லில்லின்னு சொன்னார். அது அவர் பார்த்தது. இன்னொருத்தர் வந்து இல்லைன்னு சொல்லி, பக்கத்துல தன் சீட்டை ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். நாளைக்கு மூணாமத்தவர் வந்து ரெண்டு பேரும் தப்புன்னு சொல்லலாம். பேர் நாம வெச்சது, மாறிண்டேதான் இருக்கும். எங்கே பறிச்சதுங்கறது மட்டும் மாறாது. அது போச்சுன்னா இது வெறும் காய்ஞ்ச இலை."

பிறகு சட்டைக் கையை மடித்தார். "எடுத்துப் பார்ப்போம்."

அந்த வேலையை இன்றும் கை மறக்கவில்லை. மையொற்றுத் தாளை நனைத்து, நீர் சொட்டாமல் பிழிந்து, சீட்டின் அளவுக்கு வெட்டி மேலே வைக்க வேண்டும். அதன் மேல் ஒரு கண்ணாடித் துண்டு. பசை இளகும்வரை காத்திருந்து, மெல்லிய தகட்டை ஓரத்தில் நுழைத்து, மயிரிழை மயிரிழையாக உயர்த்த வேண்டும். மைதாப் பசைக்குத் தண்ணீர் போதும். ஆனால் ஈரம் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. முதல் லேபிள் தட்டச்சு, அப்படியே வந்தது. இரண்டாவது பென்சில். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் கறுப்பு மை. ஓரம் கொஞ்சம் சுருங்கியதோடு சரி. ஆறாவது வந்ததும் நான் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

ஏழாவது நரிவெங்காயம். சீட்டைத் தூக்கியபோது அடிப்பக்கம் நீலமாக இருந்தது. பேனா மை. லேபிளில் இருந்தது கரைந்து, பாதி சீட்டில் ஏறி, மீதி கறையாகப் படர்ந்திருந்தது. பென்சிலில் எழுதிய வரிசை எண் ஒன்றுதான் மிச்சம். அந்த எண்ணைப் பதிவேட்டில் பார்த்தேன். செடியின் பெயருக்கு நேரே 'பம்பாய்' என்று ஒரே சொல். பறித்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை. சீட்டை ஒட்டும்போது நான் தலைப்பைத் தவிர வேறெதையும் படித்திருக்கவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஷ்ரத்தாவுக்கு முக்கியமான தாள் அதுதான். மற்றவை ஊருக்கு வெளியே பறித்தவை. இது மும்பைக்குள்ளேயே எங்கோ ஒரு சரிவில் நின்ற செடி. எந்தச் சரிவு? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நரிவெங்காயம் ஒரு வினோதமான செடி. கோடையில் இலையே இல்லாமல் மொட்டைத் தண்டு மட்டும் கிளம்பிப் பூக்கும். பூவெல்லாம் முடிந்து மழை வந்த பிறகுதான் இலை விடும். அந்த இலை அந்தப் பூவைப் பார்ப்பதே இல்லை. எங்கள் தாளில் இருந்தது இலை. ஆகவே மழைக்காலத்தில் பறித்தது என்று சொல்லலாம். அதற்கு மேல் தாள் வாய் திறக்கவில்லை.

மழை தொடங்கி இரண்டு வாரம் ஆனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஷ்ரத்தாவும் தேடிக் கிளம்பினோம். முதலில் சுனாபட்டி. வீடுகள் ஏறி ஏறி முடிகிற இடத்துக்கு மேலே பாறைச் சரிவில் நின்றது, வாளிப்பான இலையோடு. நான் குனிந்ததும் கீழ்வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் தமிழில் கத்தினாள். "ஏம்மா, அதைத் தொடாத! கையெல்லாம் அரிக்கும். நரிவெங்காயம்லா அது!"

ஷ்ரத்தா துள்ளினாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் பஸ் டிராம்பே வரை போகிறதே என்று ஏறினோம். அங்கே அணு ஆராய்ச்சி நிலைய வேலிக்கு வெளியே இருந்த சரிவிலும் அதே இலை, அதே வெங்காயம்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஷ்ரத்தா என் தோளில் இடித்தாள். "லிக் தே நா யார், சுனாபட்டி. கோன் பூச்சேகா?"

எழுதிவிடு, யார் கேட்கப் போகிறார்கள் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. கல்லூரியிலிருந்து கிட்டத்தில் இருப்பது சுனாபட்டி. பழைய காலத்து ஆசிரியர் ஒருவர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போயிருப்பார். எழுதினால் அவள் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். என் தாளும் சரியாகிவிடும். படிவத்தில் விட்டுப்போன கட்டத்தை நிரப்ப என்னைவிடத் தேர்ந்த ஆள் தாராவியில் உண்டா?

திங்கட்கிழமை அதைச் சாரிடம் சொன்னேன். சுனாபட்டியிலும் இருக்கிறது, டிராம்பேயிலும் இருக்கிறது, சுனாபட்டி என்று எழுதலாமா என்று கேட்டேன். "அப்படியா?" என்றார். ஒரு வெற்றுச் சீட்டையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்திவிட்டு, தயிர்சாத டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த அறையில் பூச்சி உருண்டை வாசனையோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்தச் செடி நின்ற இடம் ஒன்றுதான். அது சுனாபட்டியாகவும் இருக்கலாம், டிராம்பேயாகவும் இருக்கலாம். இன்று வீடாகிவிட்ட வேறு ஏதாவது மேடாகவும் இருக்கலாம். நான் எழுதிவிட்டால் அந்த 'இருக்கலாம்' செத்துவிடும். எனக்குப் பின்னால் வருகிற யாரும் தேடமாட்டார்கள். லேபிளை மூடியது தெரியாமல் செய்தது. இதை எழுதினால் தெரிந்தே செய்ததாகும்.

ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'இத்தாளின் மூல லேபிளைப் புதுச் சீட்டு ஒட்டி மூடியது நான். சீட்டை எடுக்கும்போது மை கரைந்தது. பறித்த இடமும் பறித்தவரும் தெரியவில்லை. கறை உள்ள பகுதியை அப்புறப்படுத்த வேண்டாம்; பின்னால் யாராவது படிக்கக்கூடும்.' கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். இசக்கியம்மாள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயர் ஓர் அலுவலகத்தின் நிரந்தரப் பதிவில் தன் கையாலேயே ஏறியது அதுதான் முதல்முறை. அப்படி ஏற வேண்டும் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தது வேறு மாதிரி.

சார் திரும்பி வந்து படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை.

"தேதி?" என்றார்.

அவ்வளவுதான். தேதி போட்டேன். அவரே பசைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். கறையைத் தொடாமல், அதற்கு மேலே இருந்த வெற்றிடத்தில் ஒட்டினேன். மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பித்த கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஏழு வருடம் அங்கே வேலை பார்த்தேன். லில்லி அலமாரி முழுவதையும் பிரித்து முடித்தேன். நான் ஒட்டிய சீட்டுகளில் சிலவற்றுக்குப் பக்கத்தில் இப்போதே இன்னொருவர் சீட்டு ஏறியிருக்கிறது. அதைப் பார்க்கையில் கோபம் வருவதில்லை. இவர் எதைப் பார்த்து இப்படிச் சொன்னார் என்று தாளைத்தான் மறுபடி பார்க்கத் தோன்றுகிறது.

அந்தச் சீட்டை எழுதிய அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது, அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தப்பு நீ பண்ணுனதுன்னு எழுதிக் குடுத்துட்டியா? பேரையாவது புரியும்படியா எழுதுனியா?"

எழுதினேன் என்றேன்.

ரேவதி, உனக்குப் பதில் இதுதான். அந்தத் தாள் வேறு ஊருக்குப் போகிறது. என்னைத் தெரியாதவர்கள் அதைத் திரையில் திறப்பார்கள். அந்த மூலையை வெட்டிவிட்டால், இடம் எழுதாமல் விட்டது செடியைப் பறித்தவர் என்று அவர்கள் நினைப்பார்கள். ஆனால் அவர் எழுதியிருந்தார். கறையையும் வெட்டிவிட்டால், நாளைக்கு ஏதோ ஒரு விளக்கில் அதைப் படிக்கக்கூடிய ஒருவருக்குப் படிக்க எதுவும் இருக்காது. அது சுனாபட்டிதானா என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது.

இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் எழுத முடியவில்லை. "கிராப் பண்ணாத. மூலைவரைக்கும் எடு" என்று மட்டும் படம் வந்த அன்று மாலை அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"சரிக்கா. ஒங்க தேதி ஓரத்துல வெட்டுப்படுது. தாளைக் கொஞ்சம் தள்ளி வச்சு இன்னொரு வாட்டி எடுக்கேன்."